இந்த முறை வலப்பக்கம்

பாதை அக்கரையில் நிற்கிறது.
குருமண்வெளித் துறையில் என்னோடு
இரண்டு மோட்டார் சைக்கிள், கயிற்றில் ஒரு கிடாய்,
"இண்டைக்கும் அவன்ட ஊட்டயா மிஸி?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நில்லாமல்
வாவியைப் பார்க்கப் போன ஒருவர்.

பையில் ஒரு குப்பி.
எள்ளெண்ணெயில் கரைத்த மருந்து, தடித்தது.
ஊசிக்குள் மெல்லத்தான் ஏறும்
உடம்புக்குள் நாலு கிழமை மெல்லத்தான் இறங்கும்.
பையின் மற்ற அறையில்
மேல் நீதிமன்றக் கட்டளையின் நகல்,
சிங்களத்தில் மூன்று பக்கம்.
ஓரத்தில் பென்சிலால் என் தமிழ்:
சித்த சுவாதீனமற்ற நிலையில்
நிபந்தனையின் பேரில்
கூரிய ஆயுதம் எதுவும்

கோபாலபிள்ளை சதாகரன்.
அங்கொடையில் ஒன்பது வருசம்.
அங்கேதான் சிங்களம் பழகினான்,
கரண்டியால் கிழங்கு உரிக்கப் பழகினான்.
கட்டளையை இப்போது அவன்தான்
எனக்கு வாசித்துச் சொல்கிறான்,
தமையனின் பெயர் வரும் வரியை மட்டும்
விரலால் மூடிக்கொண்டு.

வெல்லாவெளிப் பக்கத்தில்
கத்தி பிடிக்காத ஆம்பிளைக்கு என்ன வேலை?
முதல் வருசம் கையால் களை பிடுங்கினான்.
ஒரு இளநீரை
யாராவது வந்து வெட்டித் தரும் வரை
மடியில் வைத்துக்கொண்டிருந்தான், பின்னேரம் வரை.

பிறகு யானை வந்தது.
பரணில் கிடந்தவர்கள் ஊருக்குள் ஓடிவிட,
போடியார் சொன்னாராம்:
"ராவெல்லாம் முழிச்சி சத்தம் கேக்கிறவன்தானே,
அவனப் போடுங்க."
கடைக்காரர் கூடச் சிரித்தாராம்.
யானைவெடி கொடுத்தார்கள், நெருப்புப்பெட்டியும்.
வெடி பற்றிக் கட்டளையில் ஒன்றுமில்லை,
நான் மூன்று தரம் தேடிப் பார்த்தேன்.

"சத்தம் இப்பவும் வருதா சதாகரன்?"
கேட்க வேண்டிய கேள்வி, கேட்கிறேன்.
மேற்சட்டையைக் கழற்றி மடிக்கிறான்.
"இடைக்கிடை வரும் மிஸி.
ஆனா யானை வரக்குள்ள தவளை நிண்டிரும்.
மத்தச் சத்தத்துக்கு
தவள நிக்காது."

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
பதினோராவது கேள்வி:
பிறருக்கு ஆபத்து உண்டா. ஆம். இல்லை.
பேனையை மூடி வைக்கிறேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு
வேலிப் பொட்டால் வருகிறாள் கோமளேஸ்வரி,
தமையனின் பெண்சாதி.
ஊரில் ஒருவரும் போடாத கையெழுத்து.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
ஒருநாள் அவளாகச் சொன்னாள்:
"போடாட்டி மட்டும் மனிசன் எழும்பி வந்திருவாரா?"
குளிசை அட்டையில் வெறும் குழிகளை
அவள்தான் எண்ணிப் பார்க்கிறாள்,
எண்ணும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்று குப்பியைக் கையில் எடுத்தாள்.
"என்ன எண்ணெய் இது?"
எள்ளு என்றேன்.
குப்பியை வைத்தாள்.
சேலையில் விரலைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள்.
அடுத்த கிழமை திவசம்
என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

போன முறை இடம். இந்த முறை வலம்.
பஞ்சை அமத்திப் பிடித்தபடி கேட்கிறான்:
"மறுகா எப்ப மிஸி?"
இருபத்தெட்டு நாளில்.
"அப்ப கதிர் பால்புடிச்சிரும்" என்கிறான்,
அதை என் கொப்பியில் எழுதச் சொல்வதுபோல்.

திரும்பும்போது மண்டூர்த் துறை இருண்டுவிட்டது.
மார்கழி ஈரம், கரை முழுக்கத் தவளை.
பாதை அசைகிறது.
நடு வாவிக்குப் போகுமுன்
சட்டென்று எல்லாம் நின்றுபோகிறது.
பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறேன்,
அவருக்கும் நின்றதா என்று.